எந்த நாளின் டைகர் 131?

மாடல் பெட்டி வந்தவுடன் பெரும்பாலானவர்கள் பிளாஸ்டிக் சட்டங்களை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். போரில் கைப்பற்றப்பட்ட டாங்கி என்றால் நான் வழிகாட்டிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்குத்தான் முதலில் போவேன். என்ன நிறம், எண் எந்த இடத்தில், எந்த டீகால் ஒட்டுப்படம் எங்கே என்று படம் போட்டுக் காட்டும் பக்கம் அது. அதைப் பார்த்தாலே மாடலைச் செய்தவர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று பாதி தெரிந்துவிடும். ஏனென்றால் இந்த வகை வண்டிக்கு இரண்டு வாழ்க்கை உண்டு. பிடித்தவர்கள் வேறு, பிடிபட்டவர்கள் வேறு. மாடல் அதில் எந்த நாளைக் காட்டுகிறது என்பது முடிவாகாமல் ஒரு துண்டைக்கூட வெட்டி எடுக்க முடியாது.

இப்போது மேசையில் இருப்பது 1/35 அளவு டைகர் 131. எந்த நிறுவனத்தின் பெட்டி என்று சொல்லவில்லை. டைகரைப் பல நிறுவனங்கள் போடுகின்றன, நான் பார்க்கும் இடங்கள் எல்லாப் பெட்டிக்கும் பொருந்தும். 131 என்ற எண்ணைத் தாங்கிய வண்டியை மட்டும் பேசுவோம். அதைப் பேசினாலே மாடல் தேறுமா தேறாதா என்பது தெரிந்துவிடும்.

டைகர் டாங்கிகள் ஏறத்தாழ 1,350 செய்யப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை நமக்கு வெறும் எண்கள். 131 அப்படியல்ல. சேசிஸ் எண் 250112, ஜெர்மனியின் காசல் நகரில் ஹென்ஷல் ஆலையில் 1943 பிப்ரவரியில் முடிந்தது. அடுத்த மாதமே துனிசியாவுக்குக் கப்பல் ஏறியது. 504ஆவது கனரக டாங்கிப் பிரிவு. 131 என்றால் முதல் கம்பெனி, மூன்றாவது பிளட்டூன், அதில் முதல் வண்டி. வெள்ளை விளிம்பு போட்ட சிவப்பு எழுத்தில் அந்த எண் கோபுரத்தின் பக்கவாட்டில் இருக்கும். வண்டி ஆப்பிரிக்காவில் சண்டை போட்டது சில வாரங்கள்தான். ஏப்ரல் கடைசியில் பிரிட்டிஷ் கையில் சிக்கிவிட்டது. மே மாத நடுவில் துனிசியாவில் ஜெர்மன், இத்தாலியப் படைகள் மொத்தமாகச் சரணடைந்தன.

சிக்கிய கதையில் ஒரு திருத்தம் உண்டு. 1943 ஏப்ரல் 21 அன்று ஜெபல் ஜாஃபா என்ற குன்றில் பிடிபட்டது என்றுதான் பல ஆண்டுகள் எல்லாப் புத்தகங்களும் எழுதின. பிறகு அந்தப் போரில் இருந்த ஒரு பிரிட்டிஷ் காலாட்படை வீரரின் மகன், அப்பா சொன்னதைப் பிடித்துக்கொண்டு, பழைய புகைப்படங்களோடு துனிசியாவுக்கே போய் நிலத்தை ஒப்பிட்டுப் பார்த்தார். படத்தில் தெரியும் மேடும் சரிவும் ஜெபல் ஜாஃபாவோடு பொருந்தவில்லை. குவேரியத் எல் அத்தாஷ் அருகே பாயின்ட் 174 என்று வரைபடத்தில் குறித்திருந்த மேட்டோடு பொருந்தின. நாள் ஏப்ரல் 24. இன்று வண்டியை வைத்திருக்கும் பவிங்டன் டாங்கி அருங்காட்சியகமும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பெட்டிக்குள் வரும் வரலாற்றுத் தாளில் இன்னும் பழைய தேதி இருந்தால், மாடலின் தரம் அதனால் குறைந்துவிடாது. ஆனால் ஆராய்ச்சிக்கு அவர்கள் எவ்வளவு பழைய புத்தகங்களை நம்பினார்கள் என்பதற்கு அது ஒரு தடயம். என் பெட்டியில் ஏப்ரல் 21 என்றுதான் இருக்கிறது.

வண்டியை நிறுத்தியது பெரிய பீரங்கி ஒன்றுமில்லை. 6 பவுண்டர். குழல் விட்டம் 57 மில்லிமீட்டர். டைகரின் முன்பக்கக் கவசம் 100 மில்லிமீட்டர். நேராக அடித்திருந்தால் தாங்கியிருக்கும். ஒரு குண்டு டைகரின் குழலின் அடிப்பக்கத்தை உரசிச் சரிந்து, கோபுரம் உட்கார்ந்திருக்கும் வளையத்தில் போய்ச் செருகியது. கோபுரம் சுற்ற முடியாமல் இறுகிவிட்டது. இன்னொன்று கோபுரத்தைத் தூக்குவதற்கான கொக்கியில் பட்டது. மற்றொன்று குண்டு நிரப்புபவரின் மூடியைத் தாக்கிச் சில்லுகளை உள்ளே தள்ளியது. குழுவினர் இறங்கி ஓடிவிட்டார்கள். எஞ்சின் இருக்கிறது, சங்கிலி இருக்கிறது, வண்டி ஓடும் நிலையில் இருக்கிறது, ஆட்கள்தான் இல்லை.

டைகர் என்றால் வெல்லவே முடியாத இரும்பு மலை என்று நினைக்கும் கூட்டம் மாடல் உலகில் மிகப் பெரிது. பெட்டி அட்டைகளில் வரும் ஓவியங்களும் அதற்கு எண்ணெய் ஊற்றுகின்றன. ஒரு கொடிய அரசின் ஆயுதம் அது என்பதை அந்த ஓவியங்கள் மறக்கடித்துவிடும். 131-ஐ நான் இவ்வளவு விரும்புவதற்கு இதுவே காரணம். சின்னக் குண்டு சரியான இடத்தில் பட்டதால் நின்றுபோன டைகர் இது. குழலின் அடியில் அந்தக் கீறல் இன்றைக்கும் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் குனிந்து பார்த்தால் தெரியும். 131 என்று பெயர் போட்டு விற்கும் பெட்டியில் அந்தக் கீறலுக்கு ஒரு துண்டோ, ஒரு வரியோ, ஓர் அம்புக்குறியோ இருக்க வேண்டும். என் பெட்டியில் இல்லை. குழல் மழமழவென்று ஆலையிலிருந்து வந்ததுபோல் இருக்கிறது. எனக்கு இந்தப் பெட்டி மேல் இருக்கும் பெரிய வருத்தம் இது.

பிடிபட்ட பிறகு நடந்தது இன்னும் சிக்கல். பிரிட்டிஷ் மெக்கானிக்குகள் அந்தப் பகுதியில் அழிந்து கிடந்த வேறு டைகர்களிலிருந்து பாகங்களைக் கழற்றி வந்து 131-ஐச் சரிசெய்தார்கள். அதாவது பிடிபட்ட சில வாரங்களிலேயே இது முழு 131 இல்லை. ஜூன் மாதம் துனிஸ் நகரில் காட்சிக்கு வைத்தார்கள். பிரதமர் சர்ச்சில் வந்து பார்த்தார், மன்னர் ஆறாம் ஜார்ஜ் வந்து பார்த்தார். அக்டோபரில் இங்கிலாந்து போனது. லண்டனில் ஹார்ஸ் கார்ட்ஸ் மைதானத்தில் பொதுமக்கள் பார்க்க நிறுத்தினார்கள். அப்புறம் செர்ட்ஸியில் இருந்த டாங்கித் தொழில்நுட்பப் பள்ளியில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து அளந்தார்கள். டைகரைப் பற்றி இன்று நமக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்றால் அந்த அளவீடுகளுக்கு அதில் பெரிய பங்குண்டு. 1951 செப்டம்பரில் பவிங்டனுக்கு வந்தது.

இடையில் அதன் சொந்த எஞ்சின், மைபாக் எச்.எல். 210, உள்ளமைப்பைக் காட்டுவதற்காகக் குறுக்கே வெட்டப்பட்டுவிட்டது. 1990இல் வண்டியைப் பிரித்துப் புதுப்பிக்கத் தொடங்கியபோது, அதே அருங்காட்சியகத்தின் டைகர் 2-இலிருந்து எச்.எல். 230 எஞ்சினை எடுத்துப் பொருத்தினார்கள். தீயணைப்புக்கு நவீன ஏற்பாடும் சேர்ந்தது. 2003 டிசம்பரில் அருங்காட்சியகத்துக்குத் திரும்பியது. இன்று சொந்தக் காலில் ஓடும் ஒரே டைகர் 1 இதுதான். 2014இல் வந்த ஃப்யூரி படத்தில் ஓடுவது நிஜமாகவே இந்த வண்டி. 1950இல் வந்த தே வேர் நாட் டிவைடெட் என்ற பிரிட்டிஷ் படத்திலும் இது நடித்திருக்கிறது.

ஆக, 131 என்ற பெயரில் குறைந்தது நான்கு வண்டிகள் இருக்கின்றன. 1943 மார்ச்சில் துனிசியாவுக்குக் கப்பலேறிய வண்டி. ஏப்ரலில் மேட்டில் நின்றுபோன வண்டி. ஜூனில் துனிஸில் நின்ற வண்டி. இன்று பவிங்டனில் ஓடும் வண்டி. மாடல் செய்பவர்கள் அளவெடுக்கப் போவது நான்காவதை. விற்பது முதலாவதை. இந்த இடைவெளியில்தான் தவறுகள் புகுந்துகொள்கின்றன. என் பெட்டியில் எஞ்சின் கொடுத்திருக்கிறார்கள், நன்றாகவும் இருக்கிறது. ஆனால் வழிகாட்டிப் புத்தகமே அதை எச்.எல். 230 என்கிறது. இப்போது உள்ளே இருப்பது அதுதான், சரி. அப்புறம் ஏன் டீகால் தாளில் 1943இன் ஜெர்மன் அடையாளங்கள்? எச்.எல். 230 டைகரில் வரத் தொடங்கியதே 1943 மே மாதம். 131 அதற்குள் பிரிட்டிஷ் கையில் இருந்தது. எஞ்சின் மூடியை ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று சொல்வார்கள். செய்கிறவனுக்குத் தெரியுமே.

இனி பிளாஸ்டிக்குக்கு வருவோம். வெர்னியர் எடுத்துக்கொண்டால் கணக்கு எளிது. குழலோடு சேர்த்து நிஜ நீளம் 8.45 மீட்டர், 35ஆல் வகுத்தால் 24.1 சென்டிமீட்டர். அகலம் 3.7 மீட்டர், அதாவது 10.6 சென்டிமீட்டர். சக்கரத்தின் விட்டம் 800 மில்லிமீட்டர், மாடலில் ஏறத்தாழ 23 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். போர்ச் சங்கிலியின் அகலம் 725 மில்லிமீட்டர், மாடலில் 20.7. என் பெட்டி இவற்றில் எல்லாம் மயிரிழையில் பொருந்துகிறது. இந்தக் காலத்துக் கணினி வடிவமைப்பில் மொத்த அளவு தவறுவது அபூர்வம். அதனால் அளவு சரி என்பதற்காக மட்டும் ஒரு பெட்டியைப் புகழ வேண்டியதில்லை.

(35 என்ற இந்த எண்ணுக்குப் பின்னால் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம் மோட்டார் வைத்து ஓடும் பேன்தர் டாங்கி ஒன்றைப் போட்டது. பேட்டரிகளை உள்ளே வைக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்த்து உடலின் அளவை முடிவு செய்தார்கள். அது 1/35 ஆக அமைந்தது. அப்படியே உலகம் முழுக்க நிலைத்துவிட்டது.)

கோபுரத்தை மேலிருந்து பாருங்கள். டைகர் கோபுரம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. இடப்பக்கம் கமாண்டரின் உருளைக் கூண்டுக்கு இடம் கொடுப்பதற்காகச் சுவர் வெளியே புடைத்திருக்கும். பழைய பெட்டிகள் பலவற்றில் இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோலவே போட்டுவிடுவார்கள். என் பெட்டியில் புடைப்பு அழகாக வந்திருக்கிறது. பின்புறம் வலப்பக்கம் வட்டமான தப்பிக்கும் கதவு, இடப்பக்கம் கைத்துப்பாக்கித் துளை, இரண்டு பக்கமும் மும்மூன்று புகைக்குண்டுக் குழாய்கள். எல்லாம் இருக்கின்றன. உடலின் மேல் ஸிமரிட் பூச்சு இருக்கக் கூடாது. காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்கப் பூசிய அந்தச் சாந்து 1943 கோடைக்குப் பிறகு வந்தது. பல்வேறு டைகர்களுக்குப் பொதுவாக ஒரே அச்சை வைத்து எண்ணை மட்டும் மாற்றும் பெட்டிகளில் இந்தக் குழப்பம் வரும்.

சக்கரங்கள்தான் டைகரின் அழகு, டைகரின் நோயும் அவைதான். ஒரு பக்கத்துக்கு எட்டு அச்சுகள், ஒவ்வோர் அச்சிலும் மூன்று சக்கரங்கள், ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று நுழைந்து பூக்கட்டியது போல அடுக்கு. உள்வரிசைச் சக்கரம் ஒன்றைக் கழற்ற வேண்டுமென்றால் வெளியே இருக்கும் பலவற்றைக் கழற்ற வேண்டும். சேறு புகுந்து காய்ந்தால் மொத்தமும் இறுகிவிடும். ரயிலில் ஏற்றும்போது வெளிவரிசைச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, 520 மில்லிமீட்டர் அகலமான வேறு சங்கிலியை மாட்டுவார்கள். இந்தச் சிரமம் எல்லாம் மாடலுக்கும் அப்படியே வந்துசேர்கிறது. உள்வரிசையை ஒட்டுவதற்கு முன்பே வண்ணம் தீட்டி, ரப்பர் விளிம்பைக் கறுப்பாக்கி, அழுக்கும் ஏற்றிவிட வேண்டும். பிறகு தூரிகை உள்ளே போகாது. என் பெட்டியின் வழிகாட்டி சக்கரங்களை இரண்டாம் கட்டத்திலேயே ஒட்டச் சொல்கிறது. கேட்காதீர்கள். உடலை முழுக்க முடித்து, சக்கரங்களைத் தனித்தனியாகப் பல்குச்சியில் செருகி வண்ணம் அடித்து, வரிசை வரிசையாக மாட்டுங்கள். ரப்பர் விளிம்பு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முழு இரும்புச் சக்கரம் 1944இல்தான் வந்தது.

சக்கரங்களைத் தாங்கும் கைகளையும் கவனியுங்கள். இடப்பக்கக் கைகள் ஒரு திசையில் சாய்ந்திருந்தால் வலப்பக்கக் கைகள் எதிர்த்திசையில் சாய்ந்திருக்கும். அடிவயிற்றைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் குறைவு என்பதால் இங்கே சோம்பல்படும் பெட்டிகளும் உண்டு. என்னுடையதில் சரியாக இருக்கிறது. முட்டுகளில் இரண்டு மூன்று இடத்தில் சந்து விழுகிறது, புட்டி வைத்து உப்புத்தாள் போட்டால் போய்விடும்.

சங்கிலி ஒரே நீள ரப்பர்ப் பட்டை. நான் அதை உபயோகிக்க மாட்டேன். டைகரின் சங்கிலி கனமானது, மேல் ஓட்டத்தில் சக்கரங்களின் மேல் தொய்ந்து படிந்து கிடக்கும். ரப்பர்ப் பட்டை விறைப்பாக நின்று வண்டியின் எடையையே குறைத்துக் காட்டும். ஐம்பத்தேழு டன் வண்டி பார்ப்பதற்கு அப்படி இருக்க வேண்டும் அல்லவா? பக்கத்துக்கு 96 இணைப்புகள், தனித்தனியாகக் கோக்கும் சங்கிலி வெளியில் கிடைக்கிறது. கைவலி வரும், செய்யலாம்.

மட்கார்டு தகடுகள் மிகத் தடிப்பு. நிஜத்தில் சில மில்லிமீட்டர் தகரம் அது, மாடலில் காகிதத்தைப்போல இருக்க வேண்டும். பிளாஸ்டிக் வார்ப்பில் அவ்வளவு மெல்லியதாக எடுக்க முடியாது, அதனால் நிறுவனத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஓரத்தை மட்டும் உள்பக்கமிருந்து சுரண்டி மெல்லியதாக்கினால் கண்ணை ஏமாற்றிவிடும். பின்புறம் ஃபைஃபல் வடிகட்டிகள் இருக்கின்றன. தூசி நிறைந்த நாடுகளுக்கான ஏற்பாடு அது, துனிசியா வண்டிக்கு அவசியம். அவற்றின் வளைகுழாய்களில் மடிப்புகள் கூர்மையாக வந்திருக்கின்றன. இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த துண்டுகள் அவைதான்.

நிறத்தில் சண்டை ஓயவே ஓயாது. வட ஆப்பிரிக்காவுக்கென்று 1942 மார்ச்சில் ஜெர்மானியர்கள் குறித்த நிறங்கள் ஆர்.ஏ.எல். 8020 பழுப்பும் 7027 சாம்பலும். எல்லா வண்டிக்கும் பொதுவான அடர்மஞ்சளுக்கான ஆணை 1943 பிப்ரவரி 18 அன்று வந்தது. 131 ஆலையில் முடிந்ததும் அதே மாதம். என் பெட்டி அடர்மஞ்சள் என்கிறது. நான் பழுப்பின் பக்கம். வெப்ப நாட்டுக்கென்று வடிகட்டி முதற்கொண்டு தயாரான வண்டிக்கு அந்த நாட்டின் நிறத்தைப் பூசியிருப்பார்கள் என்பதே பொருத்தமாகப் படுகிறது. அருங்காட்சியகத்து வண்டியின் புகைப்படத்தை வைத்து நிறம் கலக்காதீர்கள். அது 2012இல் மறுபடி பூசிய வண்ணம், கேமராவும் வெயிலும் வேறு அதை மாற்றிவிடும். எந்த நிறமானாலும் கொஞ்சம் வெளிறக் கலந்துகொள்ளுங்கள். சின்னப் பொருளில் நிஜ நிறம் இருண்டு தெரியும்.

கீறலை நாமே போட வேண்டும். 57 மில்லிமீட்டர் குண்டு 1/35இல் 1.6 மில்லிமீட்டர் தடிப்பு. குழலின் அடியில் வட்ட அரத்தால் ஆழமில்லாத நீள்பள்ளம் ஒன்று, அதன் ஓரங்களில் திரவச் சிமென்டைத் தொட்டு, இளகிய பிளாஸ்டிக்கை ஊசியால் பின்னோக்கி ஒதுக்கினால் பிதுங்கிய எஃகுபோல நிற்கும். உலோகக் குழல் தனியாக வாங்கி மாட்டும் எண்ணம் இருந்தால் 131-க்கு வேண்டாம், உலோகத்தில் இந்த வேலை நடக்காது. கோபுரத்தின் அடி விளிம்பிலும் அதே கோட்டில் ஒரு தழும்பு வேண்டும். குண்டு வந்த திசை ஒன்றுதான், இரண்டு தழும்பும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் பொய்யாகத் தெரியும். ஒரு மெல்லிய கம்பியைப் பிடித்து முதலில் அந்தக் கோட்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நான் செய்யப்போவது துனிஸ், 1943 ஜூன். மேட்டில் நின்ற நாள் இதைவிட உணர்ச்சியானது என்பது உண்மை. ஆனால் துனிஸில் எடுத்த படங்கள் நிறைய இருக்கின்றன, ஒவ்வொரு துண்டையும் படத்தோடு வைத்துப் பார்க்கலாம். கைப்பற்றப்பட்ட வண்டி என்று சொல்ல முழுத் தகுதி வருவதும் அந்த நாளில்தான். ஜெர்மன் எண்ணும் இருக்கும், பிரிட்டிஷ் அடையாளமும் இருக்கும், தழும்பும் இருக்கும். அதனால் எஞ்சின் மூடியை ஒட்டி மூடிவிடுவேன், தவறான எஞ்சின் வேறொரு பிந்தைய டைகருக்குப் போகும். பெட்டியில் வரும் ஜெர்மன் கமாண்டர் பொம்மைக்கும் இதில் வேலை இல்லை.

இந்தப் பெட்டியை வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். உடல், கோபுரம், வடிகட்டி மூன்றும் முதல்தரம். சங்கிலிக்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள். துனிஸ் வண்டிக்கு வேண்டிய பிரிட்டிஷ் முதல் படையின் சின்னம்தான் டீகால் தாளில் இல்லை: வெள்ளைக் கேடயம், அதில் சிவப்புச் சிலுவை, நடுவே நிமிர்ந்த வாள். கேடயத்தை வெள்ளை டீகால் தாளில் வெட்டிக்கொண்டு சிலுவையையும் வாளையும் மெல்லிய தூரிகையால் வரைந்துவிடலாம். வெட்டும் முன் துனிஸ் படம் ஒன்றை 1/35 அளவுக்குச் சுருக்கி அச்சடித்து, கேடயம் எவ்வளவு பெரிது, தகட்டில் எங்கே வருகிறது என்று அதிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.